ஏழாவது ஆளைத் தேடுங்கள்: என்பிஏ ஆஃப்-சீசன் கேள்வி பதில்

என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் சீசன் முடிந்த மறுநாளே நாம் எல்லோரும் ஜெனரல் மேனேஜர் ஆகி அணிக்கு ஆள் எடுக்கத் தொடங்கிவிடுகிறோம். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். பந்தயம் கட்ட டிப்ஸ் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

கேள்வி: ஆஃப்-சீசன் தொடங்கியதும் ஒரு அணி முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சம்பளப் பட்டியலை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். யாரை வாங்கலாம் என்பதெல்லாம் அப்புறம். 2025-26 சீசனுக்கு சாலரி கேப், அதாவது ஓர் அணியின் மொத்தச் சம்பள வரம்பு, சுமார் 154.6 மில்லியன் டாலர். அதிகச் சம்பளத்துக்கான வரியான லக்ஷுரி டாக்ஸ் 187.9 மில்லியனில் தொடங்கியது. அதற்கும் மேலே கடுமையான கட்டுப்பாடுகள் வரும் எல்லையான செகண்ட் ஏப்ரன் 207.8 மில்லியன். நல்ல அணிகள் பெரும்பாலும் கேப்பைத் தாண்டித்தான் நிற்கும், அதில் தவறில்லை. செகண்ட் ஏப்ரனைத் தாண்டினால்தான் கையைக் கட்டிவிடுவார்கள். இரண்டு பேரின் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுத்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. டிரேடில், அதாவது வீரர்களை மாற்றிக்கொள்ளும்போது, அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாக உள்ளே எடுக்க முடியாது. கேப்பைத் தாண்டியும் ஒரு நடுத்தரச் சம்பளத்தில் ஆள் எடுக்க உதவும் மிட்-லெவல் எக்ஸெப்ஷனும் கிடையாது. ஆகவே எனக்கு டிரேட் யோசனை அனுப்புகிறவர்கள் கூட்டலைச் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள். இதை நான் சொல்லாத வருடமே இல்லை.

கேள்வி: கேப்பைத் தாண்டிய அணி தன் வீரரை மட்டும் எப்படித் தக்கவைத்துக்கொள்கிறது?

பதில்: பேர்ட் ரைட்ஸ். ஃப்ரீ ஏஜென்டாக (ஒப்பந்தம் முடிந்து எந்த அணியிலும் சேரக்கூடியவராக) இடம் மாறாமல் மூன்று சீசன் ஆடியவரைக் கேப்பை மீறியும் மீண்டும் ஒப்பந்தம் செய்யலாம். பழைய பாஸ்டன் வீரர் லாரி பேர்ட் பெயரில் நிலைத்துவிட்ட விதி.

கேள்வி: ஒரு பெரிய ஸ்டாரைக் கொண்டுவந்துவிட்டால் போதும்தானே?

பதில்: ஃபீனிக்ஸ் அணியைப் பாருங்கள். 2023 பிப்ரவரியில் கெவின் டுரான்ட், ஜூனில் பிராட்லி பீல். டெவின் புக்கர் ஏற்கெனவே இருக்கிறார். பீலோடு அவருடைய நோ-டிரேட் உரிமையும் (அவர் சம்மதமில்லாமல் டிரேட் செய்ய முடியாது) சேர்ந்தே வந்தது. முதல் சீசனில் 49 வெற்றி, ஆனால் கோப்பைக்கான கடைசிக் கட்டமான பிளேஆஃபின் முதல் சுற்றில் மினசோட்டாவிடம் நான்குக்கு நான்கும் தோல்வி. அடுத்த சீசனில் 36 வெற்றி, பிளேஆஃபே இல்லை. 2025 கோடையில் டுரான்ட் ஹூஸ்டனுக்குப் போனார், பீலின் ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். பாயின்ட் எடுக்க மூன்று பேர் இருந்தார்கள், பந்து ஒன்றுதானே!

கேள்வி: அப்படியானால் யாரைத்தான் வாங்குவது?

பதில்: இதைத்தான் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். ஸ்டார் உங்களிடம் இருக்கிறாரா? இருந்தால், முதல் ஐந்து பேருக்கு அடுத்து, பிளேஆஃப் நடக்கும் மே மாதத்திலும் ஆட வைக்கக்கூடிய ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆளைத் தேடுங்கள். டென்வர் 2022 கோடையில் கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்பை டிரேடில் வாங்கியது, புரூஸ் பிரவுனைச் சுமார் 6.5 மில்லியனுக்கு எடுத்தது. இரண்டுமே பரபரப்பான செய்தி இல்லை. அடுத்த ஜூனில் கோப்பை அவர்களிடம். 57 ஆட்டம் வென்றிருந்த ஓக்லஹோமா சிட்டி 2024 கோடையில் ஜாஷ் கிடியைக் கொடுத்து அலெக்ஸ் கரூசோவை வாங்கியது, மூன்று வருடத்துக்கு 87 மில்லியனில் ஐசயா ஹார்ட்டன்ஸ்டைனை எடுத்தது. 68 வெற்றி, கோப்பை.

2025 மே 18, ஓக்லஹோமா சிட்டி டென்வருக்கு எதிராக ஆடிய பிளேஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தை முடிந்தால் மறுபடி பாருங்கள். 6 அடி 5 அங்குலக் கரூசோ டென்வரின் 6 அடி 11 அங்குல யோகிச்சுக்குப் பின்னால் நிற்கவில்லை, முன்னால் போய் நின்றார். பந்து தலைக்கு மேலே வந்தால் பார்த்துக்கொள்ளப் பின்னால் இன்னொருவர். பாஸ் கொடுக்கிறவர் பந்தை உயர்த்துவார், தயங்குவார், 24 நொடிக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். முடிவு 125-93, ஓக்லஹோமா சிட்டிக்கு வெற்றி.

ஆளைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது ஒன்றுதான். அவர் கார்னரில், அதாவது களத்தின் மூலையில், நிற்கும்போது அவரைத் தடுக்க வேண்டிய எதிரணிக்காரனின் கால் எங்கே இருக்கிறது? கூடைக்கு முன்னால் இருக்கும் பெயிண்டுக்குள் ஒரு கால் இருந்தால், அவருடைய த்ரீயை (மூன்று பாயின்ட் ஷாட்டை) எதிரணி மதிக்கவில்லை என்று அர்த்தம். சதவீதம் என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். கார்னர் த்ரீ 6.7 மீட்டர்தான், கூடைக்கு நேர் எதிரே 7.24. அந்தக் கிட்டத்திலிருந்தே மதிப்பில்லை என்றால் வேறு எங்கே நிறுத்துவீர்கள்? இதற்கு நேர்மாறாகச் செய்தது 2021 லேக்கர்ஸ் அணி: வெஸ்ட்புரூக் என்ற ஸ்டாருக்காக இப்படிப்பட்ட துணை ஆட்களைக் கொடுத்துவிட்டது.

கேள்வி: இளம் வீரர்களுக்கான ஜூலை மாத சம்மர் லீகில் 25 பாயின்ட் எடுத்த பையனை நம்பலாமா?

பதில்: ஜூலையில் எல்லோரும் நன்றாகத்தான் ஆடுவார்கள்.

கேள்வி: எதிர்கால டிராஃப்ட் பிக்குகளை (புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் உரிமைகளை) கொடுத்தாவது ஸ்டாரை வாங்கினால் என்ன?

பதில்: மறுபடியும் ஸ்டாரா? சரி. 2013-ல் புரூக்ளின் 37 வயது கார்னெட்டையும் 35 வயது பியர்ஸையும் வாங்க, 2014, 2016, 2018 முதல் சுற்று பிக்குகளையும் 2017-ல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் பாஸ்டனுக்குக் கொடுத்தது. அவர்களை வைத்து வென்றது ஒரே ஒரு பிளேஆஃப் சுற்று. பாஸ்டனுக்கு 2016-ல் ஜெய்லன் பிரவுன் கிடைத்தார். 2017-ல் முதல் இடமே கைக்கு வந்தது, அதை ஃபிலடெல்ஃபியாவிடம் மாற்றி மூன்றாவது இடத்தில் ஜேசன் டேட்டத்தை எடுத்தார்கள். 2024 கோப்பை அந்த இருவரோடு வந்தது. பிக் கொடுப்பது குற்றமில்லை. தன் அணி எந்த வருடம் வயதாகி விழும் என்று கணக்குப் போடாமல் கொடுப்பதுதான் குற்றம்.

கேள்வி: வேண்டுமென்றே தோற்று முதல் பிக் வாங்கினால்?

பதில்: முதல் பிக் யாருக்கு என்று குலுக்கிப் போடும் 2025 லாட்டரியில் கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 சதவீத வாய்ப்பு. முதல் பிக் போனது 1.8 சதவீதம் மட்டுமே வைத்திருந்த டாலஸுக்கு.

கேள்வி: சார், லேக்கர்ஸை ஏன் இழுக்கிறீர்கள்? 2021-22-ல் அவர்களுடைய ஸ்டார்களான லெப்ரான் 56 ஆட்டம், டேவிஸ் 40 ஆட்டம்தான் ஆடினார்கள். 78 ஆட்டம் ஆடிய வெஸ்ட்புரூக்கின் மேல் பழியா?

பதில்: கணக்கு சரிதான், காயங்களை ஒத்துக்கொள்கிறேன். நான் வெஸ்ட்புரூக்கைத் திட்டவே இல்லையே! அவருடைய 44.2 மில்லியன் சம்பளத்துக்கு ஈடுகட்ட கூஸ்மா, கால்ட்வெல்-போப், ஹாரல் மூவரையும் 22-வது பிக்கையும் அனுப்பினார்கள் பாருங்கள், அதைச் சொல்கிறேன். இரண்டு ஸ்டார்களும் உட்கார்ந்த இரவுகளில் ஆட யார் மிஞ்சினார்கள்? 33 வெற்றி.

கேள்வி: நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது உங்களுக்குச் சுலபம். முந்தைய கேள்வி கேட்டவர் சொன்னதுதான் சரி. கூஸ்மா இருந்திருந்தால் மட்டும் கோப்பை வந்திருக்குமா?

பதில்: வந்திருக்காது. நாற்காலியும் வசதியாகத்தான் இருக்கிறது.

கேள்வி: அண்ணா, உயரமாக வளர என்ன பயிற்சி?

பதில்: தம்பி, அதை மருத்துவரிடம் கேள்.

கேள்வி: எங்கள் அணிக்கு ஒரு சூப்பர் ஸ்டார் மட்டும் வந்தால்...

பதில்: மேலே ஃபீனிக்ஸ் இருக்கிறது.

கேள்வி: லேக்கர்ஸ் விஷயம் இன்னும் முடியவில்லை. அந்தக் கோடையில் போன எவரால் எங்கே என்ன நடந்துவிட்டது?

பதில்: கால்ட்வெல்-போப் 2023-ல் டென்வரோடு கோப்பை வாங்கினார். 2020 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் முதல் ஐவரில் இறக்கியவர் கரூசோ. அதே 2021 கோடையில் நான்கு வருடம், 37 மில்லியனுக்கு சிகாகோ அவரை எடுத்துக்கொண்டது. மே 18 ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மீதியை எழுதுங்கள்.