சர்க்கரைவள்ளிக்கிழங்கு: வைப்பதும் வேகவைப்பதும் (கேள்வி பதில்)

கேள்வி: ஒரு வாரம் ஃபிரிட்ஜில் இருந்த கிழங்கை வேகவைத்தேன். ஓரமெல்லாம் வெந்துவிட்டது, நடுவில் மட்டும் கல் மாதிரி நிற்கிறது. இன்னும் வேகவைக்கட்டுமா?

பதில்: வேண்டாம், இனி இளகாது. காரணம் ஃபிரிட்ஜ்தான். சர்க்கரைவள்ளி ஒரு வெப்பநாட்டுக் கொடியின் வேர். சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நாள் கிடந்தால் உள்ளே திசு பழுதாகிவிடும். ஃபிரிட்ஜின் உள்ளே 4 டிகிரிதான் இருக்கும். வெளித்தோலில் ஒன்றும் தெரியாது. வெட்டினால் சில சமயம் பழுப்புத் திட்டு இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. வெந்த பிறகுதான் நடுப்பகுதி இறுகி நிற்பது தெரியவரும், ருசியும் கெட்டிருக்கும். ஓரிரு நாள் தவறி உள்ளே போயிருந்தால் பெரிய பாதகமில்லை, எடுத்து உடனே சமைத்துவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் எங்கேதான் வைப்பது? எத்தனை நாள் தாங்கும்?

பதில்: 13 முதல் 16 டிகிரி, நல்ல ஈரப்பதம், இருட்டு, காற்றோட்டம். இவை நான்கும் அமைந்தால் மாதக்கணக்கில் தாங்கும். அவ்வளவு குளிர்ச்சியான இடம் எல்லார் வீட்டிலும் இருக்காது. 25 டிகிரிக்கு மேல் இருக்கும் அறையில் ஒன்றிரண்டு வாரம் என்று கணக்கு வைத்து, அதற்கேற்ப வாங்குங்கள். கூடையோ திறந்த அட்டைப்பெட்டியோ போதும். பிளாஸ்டிக் பையில் வாயைக் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்து, முனையிலிருந்து நீர்த்த அழுகல் ஆரம்பித்துவிடும். அதே காரணத்துக்காகக் கழுவியும் வைக்காதீர்கள். மண்ணோடு இருப்பதுதான் நல்லது, சமைக்கும் நேரத்தில் கழுவிக்கொள்ளலாம். அடிபட்டது, முனை உடைந்தது எல்லாவற்றையும் முதலில் தீர்த்துவிடுங்கள். பழுக்கிற பழங்களின் பக்கத்தில் வைக்க வேண்டாம், அவை விடும் எத்திலீன் வாயு கிழங்கின் ருசியைக் கெடுக்கும்.

கேள்வி: தோட்டத்தில் தோண்டி அன்றைக்கே வேகவைத்தோம். இனிப்பே இல்லை. ரகம் சரியில்லையோ?

பதில்: ரகத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் மூன்று வாரம் பொறுங்கள். புதிதாகத் தோண்டியதில் மாவுச்சத்து அதிகம், சர்க்கரை குறைவு. தோலும் மெல்லிசாக இருக்கும், கட்டைவிரலால் தேய்த்தாலே உரிந்து வரும். தோண்டும்போது பட்ட காயங்களை முதலில் ஆற வைக்க வேண்டும்: சுமார் 30 டிகிரி வெப்பம், 85 முதல் 90 சதவீத ஈரப்பதம், 4 முதல் 7 நாள். இந்த நாட்களில் வெட்டுக்காயங்களின் அடியில் தக்கை போன்ற ஒரு படலம் உருவாகி அழுகலைத் தடுக்கும். வீட்டில் செய்வதற்கு, மண்ணை உதறிவிட்டு, ஓட்டைகள் போட்ட பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தாமல் அடுக்குங்கள். பெட்டிக்குள் ஒரு ஓரமாகக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, வெதுவெதுப்பான நிழலில் விடுங்கள். ஈரத்துணியை நேராகக் கிழங்கின் மேல் போடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். தேய்த்தால் தோல் நகராத பதம் வந்ததும் குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, இன்னும் இரண்டு மூன்று வாரம் கழித்துச் சமைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஒரே கிழங்குதான். குக்கரில் வைத்தால் சப்பென்று இருக்கிறது, அவனில் சுட்டால் தேனாக வடிகிறது. அவனில் அப்படி என்ன நடக்கிறது?

பதில்: கிழங்கு இனிப்பாவதில் பெரும்பங்கு அடுப்பில்தான் நடக்கிறது. உள்ளே பீட்டா அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது மாவுச்சத்தை மால்டோஸ் சர்க்கரையாக மாற்றும். ஆனால் மாவுச்சத்து வெந்து இளகினால்தான் அதற்கு வேலை. இளகல் ஏறத்தாழ 65 டிகிரியில் தொடங்குகிறது. 80 டிகிரியை நெருங்கினால் நொதியே செயலிழந்துவிடுகிறது. ஆக, கிழங்கின் உட்புறம் இந்த 65-க்கும் 80-க்கும் இடையில் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு இனிப்பு. குக்கரும் மைக்ரோவேவும் அந்த இடைவெளியைச் சில நிமிடங்களில் தாண்டிவிடுகின்றன. அவன் மெதுவாகச் சூடேற்றுகிறது, கூடவே நீரும் வற்றுவதால் இனிப்பு இன்னும் தூக்கலாகத் தெரிகிறது.

செய்முறை: 200 முதல் 250 கிராம் எடையுள்ள, ஒரே பருமனான கிழங்குகள். தோலோடு முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்தி, சூடாக்காத அவனில் வைத்து 140 டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு 200 டிகிரிக்கு ஏற்றி 30 முதல் 40 நிமிடம். குத்திய இடத்தில் பாகு கசிந்து ஒட்டிக்கொண்டு, கத்தி தடையில்லாமல் இறங்கினால் எடுத்துவிடலாம். கீழே ஒரு தட்டு அவசியம், சொட்டும் பாகு கரிந்தால் சுரண்டுவது பெரும்பாடு.

கேள்வி: அவன் இல்லாதவர்கள் என்ன செய்வது?

பதில்: அடிகனமான பாத்திரம், இறுக்கமான மூடி, மிகச் சிறிய தீ. தண்ணீர் வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டி, 50 முதல் 60 நிமிடம். அல்லது முழுக் கிழங்கைத் தோலோடு பச்சைத் தண்ணீரில் போட்டு, கொதி வர அரை மணி நேரமாவது ஆகிறபடி தீயை அடக்கி வைக்கலாம். துண்டு போட்டு வேகவைத்தால் இனிப்பில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும்.

கேள்வி: சர்க்கரை நோய் இருக்கிறது. எப்படிச் சாப்பிடலாம்?

பதில்: மேலே சொன்னதற்கு நேர்மாறாக. சுட்டதைவிட நீரில் வேகவைத்தது ரத்தச் சர்க்கரையைக் குறைவாக ஏற்றும். அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குக்கரில் ஒன்று கூழ், ஒன்று நறுக்கு. எத்தனை விசில்?

பதில்: விசிலைவிடப் பருமன்தான் முக்கியம். ஒரே அளவாகப் பொறுக்கி, 6 சென்டிமீட்டருக்கு மேல் தடித்ததைக் குறுக்கே இரண்டாக வெட்டுங்கள். அடியில் ஒரு டம்ளர் தண்ணீர், அதன்மேல் தட்டில் கிழங்கு, தண்ணீர் தொடக்கூடாது. மிதமான தீயில் 2 விசில், ஆவி தானாக அடங்கட்டும்.

கேள்வி: குழம்பிலோ சூப்பிலோ போட்டால் துண்டுகள் கரைந்து காணாமலே போகின்றன.

பதில்: ஆரஞ்சுச் சதை உள்ள ரகங்கள் பெரும்பாலும் நீர்ப்பசை கூடியவை, சீக்கிரம் குழையும். வெள்ளைச் சதை உள்ளவை பொதுவாக மாவாக, கெட்டியாக நிற்கும். முதலில் ரகத்தைப் பாருங்கள். ஆரஞ்சுதான் கிடைக்கிறதென்றால் ஒரு வழி இருக்கிறது: 1 லிட்டர் கொதிநீரில் அரை லிட்டர் சாதாரணத் தண்ணீர் கலந்தால் ஏறத்தாழ 75 டிகிரி வரும். அதில் 500 கிராம் துண்டுகளைப் போட்டதும் 60-ஐ ஒட்டி இறங்கிவிடும். மூடி அரை மணி நேரம் விடுங்கள். இந்த வெப்பத்தில் வேறொரு நொதி செல்சுவரின் பெக்டினை மாற்றிவிட, கிழங்கிலுள்ள கால்சியம் அதை இறுக்கிக் கட்டிவிடும். பிறகு கொதிக்கும் குழம்பில் போட்டாலும் துண்டு உருக்குலையாது. தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பும் வேகுவதைத் தாமதப்படுத்தும். துண்டு நிற்க வேண்டுமானால் புளிப்பை முதலிலேயே சேருங்கள், மசிய வேண்டுமானால் கடைசியில்.

கேள்வி: வறுவல் மொறுமொறுவென்று வரவே மாட்டேன் என்கிறது. வெளியே கருகி உள்ளே கொழகொழ.

பதில்: உருளைக்கிழங்கு மாதிரி வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இதில் சர்க்கரை அதிகம், மொறுமொறுப்பு வருமுன் நிறம் வந்துவிடும். 1 சென்டிமீட்டர் குச்சிகளாக நறுக்கி அரை மணி நேரம் நீரில் போட்டு, துணியில் ஈரம் போகத் துடையுங்கள். 500 கிராமுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி சோளமாவு புரட்டி, 160 டிகிரி எண்ணெயில் 4 நிமிடம் பொரித்து எடுத்து, 10 நிமிடம் ஆறவிட்டு, 180-இல் மறுபடி ஒன்றிரண்டு நிமிடம். உப்பு கடைசியில்தான். முன்னாலேயே போட்டால் நீர் விட்டுவிடும். ஒரே நேரத்தில் சட்டி நிறையப் போடுவதுதான் பலரும் செய்யும் தப்பு.

கேள்வி: வெட்டினால் பால் வடிகிறது, கொஞ்ச நேரத்தில் கறுக்கிறது. சாப்பிடலாமா?

பதில்: தாராளமாக. பால் வடிவது கிழங்கின் இயல்பு. கையில் பிசுபிசுத்தால் எண்ணெய் தடவிக் கழுவுங்கள். வெட்டிய துண்டு காற்றுப் படாமல் தண்ணீரில் மூழ்கி இருந்தால் கறுக்காது. வெந்த பிறகு சாம்பல் பச்சையாக மாறுவது, கிழங்கிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் இரும்போடு சேர்வதால். இரும்புச் சட்டியைத் தவிர்த்து, வேகும் நீரில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள்.

கேள்வி: முளைவிட்ட உருளைக்கிழங்கு நஞ்சு என்கிறார்கள். இதுவுமா?

பதில்: இல்லை. இரண்டும் வேறு வேறு குடும்பம், உருளையின் சோலனைன் இதில் கிடையாது. முளையைக் கிள்ளிவிட்டுச் சமைக்கலாம். இதன் இளங்கீரையும் உண்ணத் தக்கதே. அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கினால் மட்டும் சமைத்துப் பயனில்லை.

கேள்வி: சிறு துளைகள் இருந்தன. கெட்டதை வெட்டிவிட்டு மீதியை வேகவைத்தேன், ஒரே கசப்பு.

பதில்: துப்பிவிட்டு மொத்தமும் தூக்கிப் போடுங்கள். துளை கூன்வண்டின் வேலை. வண்டோ பூஞ்சையோ தாக்கினால் கிழங்கு தற்காப்பாக இபோமியமரோன் போன்ற கசப்பு நச்சுகளைச் சுரக்கும். அவை நல்லதாகத் தெரியும் சதைக்குள்ளும் பரவியிருக்கலாம், வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. மாட்டுக்கும் போடாதீர்கள். பூஞ்சை பிடித்த சர்க்கரைவள்ளி மாடுகளின் நுரையீரலைத் தாக்கும், உயிரே போகலாம். தோலின்மேல் மட்டும் படிந்த கறுப்புத் திட்டு வேறு, அதைச் சீவினால் அடியில் சதை சுத்தமாக இருக்கும், கசக்காது.

கேள்வி: ஊதாக் கிழங்கு சேர்த்த கேக் பச்சையாகிவிட்டது!

பதில்: சமையல் சோடா. ஊதா நிறமி காரத்தில் நீலமும் பச்சையுமாகும், புளிப்பில் சிவக்கும். சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போட்டு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேருங்கள்.

கேள்வி: நிறைய வேகவைத்து எடுத்து வைக்கலாமா?

பதில்: வெந்ததற்கு ஃபிரிட்ஜ் ஆகும், பச்சைக் கிழங்குக்குத்தான் ஆகாது. ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், மூடி உள்ளே வைத்தால் 3, 4 நாள். அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்: தோல் உரித்து மசித்து, ஒரு லிட்டர் மசியலுக்கு 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து, பையில் 2 சென்டிமீட்டர் தடிமனில் தட்டையாகப் பரப்பி, காற்றை நீவி வெளியேற்றி மூடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் பத்து மாதம்வரை நிறமும் ருசியும் நிற்கும். தட்டையாக இருந்தால் வேண்டிய அளவு உடைத்துக்கொள்ளலாம், உறைந்தபடியே சட்டியில் போட்டுச் சூடாக்கலாம். பச்சையாக மட்டும் உறைய வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் கறுத்து நீர்விட்டுத் தொளதொளத்துப் போகும்.