பல்கலைக்கழகக் கலைக்கூடத்துக்குப் போக முகவர் எதற்கு?

நிபோங் திபாலிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் நான். பிள்ளைகளை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். சிறப்பு அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவர் தலைக்கு இவ்வளவு என்று பணம் கேட்கிறார். சக்கர நாற்காலியில் இருக்கும் மாணவியை அழைத்துவர முடியாது என்றும் சொல்கிறார். என்ன செய்யலாம்?"

முதலில் அந்த முகவரை விட்டுவிடுங்கள், அம்மா. அந்தப் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்திலுள்ள துவாங்கு பவுசியா அருங்காட்சியகமும் கலைக்கூடமும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று, பொதுமக்களும் பார்க்கலாம். வருகை நாள், பிள்ளைகளின் எண்ணிக்கை, வயது, உடன்வரும் ஆசிரியர்கள் ஆகிய விவரங்களுடன், தலைமையாசிரியர் கையொப்பமிட்டு, கலைக்கூடத்துக்கு மலாய்மொழியில் ஒரு கடிதம் அனுப்புங்கள். கட்டணம் உண்டா என்பதையும் அதிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். முகவர் 'சிறப்பு அனுமதி' என்று விலை பேசுவது பெரும்பாலும் இந்தக் கடிதத்தைத்தான். உங்கள் ஊரிலேயே இருக்கும் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்துக்கு அதை அனுப்பிவிடாதீர்கள். கலைக்கூடம் இருப்பது பினாங்குத் தீவில். கல்வி அலுவலகத்தின் சுற்றுலா அனுமதியைப் பள்ளிதான் கேட்க வேண்டும். அந்தக் கோப்பு மேசை மேசையாக நகரும் வேகத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்கே போய்விடுவார்கள். ஆகவே வெகு முன்னதாகவே விண்ணப்பித்துவிடுங்கள்.

பல்கலைக்கழகத்திடமே நேரடியாகக் கேட்கலாம் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. பல்கலைக்கழக அரங்குகள் வெளியாருக்கு வாடகைக்கும் விடப்படுகின்றன. அங்கு நடக்கும் நாட்டிய நிகழ்ச்சியின் சுவரொட்டியில் பல்கலைக்கழக மண்டபத்தின் பெயர் இருக்கலாம். ஆனால் நடத்துபவர் தனியார் என்றால் நுழைவுச்சீட்டு விலை, இருக்கை, சலுகை எல்லாம் அவர் முடிவு. நிகழ்ச்சி ரத்தானால் பல்கலைக்கழகம் உங்கள் பணத்தைத் திருப்பித் தராது. ஆகையால் ஏற்பாட்டாளர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், மண்டபத்தின் பெயரை மட்டும் நம்பி யாரிடமும் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

மாணவியை விட்டுவிட்டு வரச் சொல்ல முகவருக்கு எந்த உரிமையும் இல்லை. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், பொது இடங்களை அணுகும் உரிமையோடு பண்பாட்டு வாழ்வில் பங்கேற்கும் உரிமையையும் அவர்களுக்குத் தருகிறது. அதை மீறினால் தண்டனை என்று அச்சட்டத்தில் எதுவும் இல்லாததால்தான், சாய்தளம் ஒரு படிக்கட்டின் முன்னே வந்து நிற்பதையும், மாற்றுத்திறனாளிகளின் கழிப்பறை துடைப்பமும் வாளியும் அடுக்கிய சாமான் அறையாக இருப்பதையும் நாம் இன்னும் பார்க்கிறோம். எனவே தொலைபேசியில் "வசதி உண்டா?" என்று கேட்காதீர்கள், "உண்டு" என்ற பதில் உடனே வந்துவிடும். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை படி இருக்கிறதா, மின்தூக்கி அன்று இயங்குமா, கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பேருந்தின் கதவு அகலத்தையும் நாற்காலியின் அகலத்தையும் நீங்களே அளந்து பாருங்கள்.

தீவுக்குப் போக, 2014இல் திறக்கப்பட்ட, பத்து காவானிலிருந்து தொடங்கும் இரண்டாவது பினாங்குப் பாலம் உங்களுக்கு அருகில் இருக்கிறது. இன்னொன்று: தமிழில் விளக்கம் தேவை என்பதையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள், அங்கு படிக்கும் நம் மாணவர்களில் ஓரிருவரைக் கலைக்கூடத்தார் உடன் அனுப்ப வாய்ப்புண்டு, ஆனால் கேட்காதவர்களுக்கு அது கிடைப்பதில்லை.