திவாலான நிறுவனமும் தொழிலாளர்களும்

கேள்வி: வாகன உதிரிபாக நிறுவனம் திவாலானால் தொழிலாளர்களின் வேலையும் ஓய்வூதியமும் என்னவாகும்? அமெரிக்காவின் டெல்ஃபை நிறுவனத்தில் நடந்ததை விளக்குவீர்களா?

பதில்: ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து 1999இல் பிரிந்த டெல்ஃபை, தாய் நிறுவனத்தின் ஊதிய ஒப்பந்தங்களைச் சுமந்தபடி, அந்நிறுவனத்தையே பெரிய வாடிக்கையாளராகவும் நம்பியிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் கார் விற்பனை சரிந்ததும் டெல்ஃபையும் தள்ளாடி, 2005 அக்டோபர் 8 அன்று திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. அப்போது உலகெங்கும் ஏறத்தாழ 1,85,000 பேர் அதில் பணியாற்றினர்.

அந்நாட்டுச் சட்டப்படி இது உடனடி மூடல் அன்று. நீதிமன்ற மேற்பார்வையில் கடன்களையும் ஒப்பந்தங்களையும் திருத்தி நிறுவனத்தைச் சீரமைக்கும் வழியாகும். ஆனால் அந்தச் சீரமைப்பின் சுமை முதலில் தொழிலாளர் தலையில்தான் விழுந்தது: அமெரிக்காவிலிருந்த 29 ஆலைகளில் 21 ஆலைகளை மூடவோ விற்கவோ போவதாக 2006 மார்ச்சில் நிர்வாகம் அறிவித்தது.

ஓய்வூதியத்தில் நேர்ந்தது, என் பார்வையில், இதைவிடக் கொடியது. 2009இல் ஓய்வூதியத் திட்டங்களை அரசின் காப்பீட்டு அமைப்பு ஏற்றபோது, தொழிற்சங்கத்தினர் பலருக்கு ஓய்வூதியத்தில் குறைந்துபோன தொகையை ஜெனரல் மோட்டார்ஸ் ஈடுசெய்தது; சங்கத்தில் சேராத மாதச் சம்பள ஊழியர்களுக்கோ அந்த ஈடு கிடைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் வழக்காடிய அவர்களின் மேல்முறையீட்டை விசாரிக்க, 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.