தடுப்பூசி போட்ட பத்தாம் நாளில் ஹெப்படைடிஸ் பி பாசிட்டிவ்: தொற்றுதானா?

அந்த பாசிட்டிவ் தடுப்பூசியால் வந்ததாகவே இருக்கலாம். ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியின் முதல் ஊசி போட்டுப் பத்து நாள், ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் எச்பிஎஸ்ஏஜி 'லேசான பாசிட்டிவ்' என்கிறீர்கள். அந்தப் பரிசோதனை தேடுவது வைரஸின் மேலுறைப் புரதத்தை. ஊசியில் இருப்பதும் அதே புரதம்தான், வைரஸ் கிடையாது. ஊசிக்குப் பின் 18 நாள் வரைகூட அது ரத்தத்தில் தென்பட்டதாகப் பதிவுகள் உண்டு.

டாக்டரிடம் இதைக் கேளுங்கள்:

1. ஆன்டி-எச்பிசி பரிசோதனை. வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை இது தேடும். அந்தப் புரதம் ஊசியில் இல்லை. அதனால் ஊசி மட்டும் இதை பாசிட்டிவ் ஆக்காது.

2. ஊசி போட்டு ஒரு மாதம் ஆனதும் மறுபடி எச்பிஎஸ்ஏஜி. ஊசியின் மிச்சம் என்றால் அதற்குள் மறைந்திருக்கும்.

ஒன்று மட்டும்: ஆன்டி-எச்பிசி நெகட்டிவ் என்றதும் முடிவு கட்டிவிடாதீர்கள். புதுத் தொற்றில் எச்பிஎஸ்ஏஜி முதலில் தெரியும், ஆன்டி-எச்பிசி சில வாரம் பின்னால்தான் வரும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதென்றால் ஹெப்படைடிஸ் பி வைரஸின் மரபணுவையே தேடும் எச்பிவி டிஎன்ஏ பரிசோதனை பார்க்கலாம்.

அப்புறம், ஊசி போட்ட தேதியை சர்ஜனிடம் நீங்களே சொல்லுங்கள். லேப் ரிப்போர்ட்டில் அது இருக்காது. ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதா என்பதை அவர் சொல்லட்டும்.