யாழ்ப்பாண ரயிலில் சாப்பாடு கிடைக்குமா, நேரத்துக்குப் போய்ச் சேருமா?

இரண்டுக்கும் அரைகுறை 'ஓம்' தான் பதில்.

கொழும்பு கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பொல்கஹவெலயில் பிரியும் வடக்குப் பாதை பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம். எதிரே ரயில் வந்தால் ஒன்று ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த ரயில் அரை மணி பிந்தினால் உங்களுடையதும் பிந்தும். இடைவழி ஸ்டேஷனில் காரணமே தெரியாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். யானைகள் கடக்கும் காட்டுப் பகுதிகளில் வேகத்தையும் குறைப்பார்கள் (அது நியாயமும்கூட). ஆகவே இறங்கிய கையோடு கலியாண முகூர்த்தத்துக்கு ஓடும்படி திட்டம் போடாதீர்கள்.

சாப்பாட்டுக்குச் சில ரயில்களில் கன்டீன் பெட்டி உண்டு. தேநீர், பிஸ்கட், ரோல்ஸுக்குச் சரி. மத்தியானச் சோற்றுக்கு அதை நம்பமாட்டேன். கூடையோடு ஏறும் வியாபாரிகளிடம் சுடச்சுட வடை, கச்சான் வாங்கலாம். இறால் வடை என்றால் சூடு பார்த்து வாங்குங்கள். சில்லறைக் காசு கையில் இருக்கட்டும்.

வீட்டிலிருந்து பார்சல் கட்டினால் தேங்காய்ப்பால் கறி வேண்டாம், வெக்கையில் பழுதாகிவிடும். ரொட்டியும் கட்டச் சம்பலும் தாங்கும். தண்ணீர் மட்டும் இரண்டு போத்தல் கூடுதலாக எடுங்கள்.