கல்லடிப் பக்கம் வீடு: விலை பேச முன் தண்ணீரையும் காணி உறுதியையும் பாருங்கள்

ஒரு வாசகியின் கேள்வி: "நான் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் தாதி. கணவர் கல்முனையில் வங்கியில் வேலை செய்கிறார். இப்போது வாடகை வீட்டில் இருக்கிறோம். நாவற்குடாவில் 12 பேர்ச் வளவில் ஒரு மாடி வீடு வந்திருக்கிறது. விற்பவருக்கு அது சீதன வீடு. தாய் தகப்பன் சாகும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு நன்கொடை உறுதி எழுதியிருக்கிறார்கள். தாய் இல்லை, தகப்பன் இருக்கிறார். விற்பவரும் கணவரும் கனடாவில், கணவர் யாழ்ப்பாணத்தவர். இதைவிடக் குறைந்த காசுக்குத் தன்னாமுனையில் பெரிய வளவே எடுக்கலாம் என்கிறார்கள். எதை வாங்கலாம்?"

முதலில் இடம். உங்கள் வீட்டில் ஒருவர் நகருக்குள்ளும் மற்றவர் கல்முனைக்கும் போகிறீர்கள். தன்னாமுனை நகருக்கு வடக்கே இருக்கிறது. அங்கே குடியேறினால் உங்கள் கணவர் தினமும் நகரைத் தாண்டி, கல்லடிப் பாலம் ஏறி, காத்தான்குடிக்குள்ளால் போக வேண்டும். நாவற்குடா பாலத்துக்குத் தெற்கே, கல்லடியை அடுத்து இருக்கிறது. அங்கே என்றால் அவருக்கு அந்தப் பாலமே வராது. உங்களுக்கு மட்டும்தான் வரும். 1924இன் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப்பாலம் திறந்த பிறகு பழைய நெரிசல் இல்லை. பள்ளிக்கூட நேரத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஆகவே விலை கூடினாலும் தெற்குப் பக்கம்தான் உங்களுக்குச் சரி. இருவருமே நகருக்குள் வேலை என்றால் நான் தன்னாமுனையைச் சொல்லியிருப்பேன்.

ஆனால் கல்லடி, நாவற்குடா என்ற பெயருக்கே ஒரு விலை வைக்கிறார்கள். அந்தப் பெயருக்குள் கடற்கரை மணலும் உண்டு, வீதியோர மேடும் உண்டு, வாவிப் பக்கத்துப் பள்ளமும் உண்டு. தரகர் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலைதான் சொல்வார். நீங்கள் அப்படி வாங்கக் கூடாது.

வீடு பார்க்க எல்லாரும் ஆடி ஆவணியில்தான் போகிறார்கள். காய்ந்த வளவில் எந்த வீடும் நல்ல வீடுதான். கார்த்திகை மார்கழியில், இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு போய்ப் பாருங்கள். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் மூடிக் கிடக்கும்போது வாவித் தண்ணீர் வடிய வழியில்லாமல் ஏறும். வெட்டி விட்ட பிறகுதான் இறங்கும். அந்த இடைப்பட்ட நாட்களில் ஒழுங்கையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதுதான் அந்த வளவின் உண்மையான மதிப்பு. மாரிவரை பொறுக்க முடியாவிட்டால், 2011 தை மாத வெள்ளத்தில் எதுவரை வந்தது என்று இரண்டு வீடு தள்ளியிருப்பவரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சில நேரம் விற்பவரின் சொந்தக்காரராக இருப்பார்!

இன்னொன்று. வீதிகளை ஒவ்வொரு முறையும் உயர்த்தித்தான் போடுகிறார்கள். பழைய வீடுகளின் முற்றம் இப்போது வீதியைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. பக்கத்து வளவுகளுக்கும் மண் கொட்டி உயர்த்தியிருந்தால், எல்லார் வீட்டு மழைத்தண்ணீரும் உங்களிடம்தான் வரும். மாடி வீடு என்று சந்தோசப்படுவதற்கு முன் கீழ்த்தளத்துச் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கிணறு விடயம் இந்த மணல் நிலத்தில் முக்கியம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நல்ல தண்ணீர் நிற்கிறது. பெரிய மோட்டர் போட்டு இறைத்தால் உப்பு மேலே வரும். 12 பேர்ச்சில் வீடும் கட்டி, கிணறும் தோண்டி, மலசலகூடக் குழியும் வைத்தால் இடைவெளி எங்கே மிஞ்சும்? கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டும். உங்கள் குழியை மட்டும் அளந்தால் போதாது, மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் குழியையும் பாருங்கள். மணலுக்கு மதில் தெரியாது. குடிக்க உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்நீர் இருந்தால் கவலை பாதி குறையும். இணைப்பு வீட்டுக்குள் வந்திருக்கிறதா, ஒழுங்கை வாசலோடு நிற்கிறதா என்று பாருங்கள்.

வீடு கடற்கரைப் பக்கமாக இருந்தால், கரையிலிருந்து 300 மீட்டருக்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வாவி ஓரமும் அந்தத் திணைக்களத்தின் எல்லைக்குள் வரும். சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடு என்றால் அந்த அனுமதியையும் மாநகர சபையின் கட்டட அனுமதியையும் கண்ணால் பாருங்கள். மேல்மாடி பிறகு ஏற்றியது என்றால் அதற்குத் தனி அனுமதி கேளுங்கள். வங்கிக் கடன் எடுக்கப் போனால் முதலில் தடக்குப்படுவது இதில்தான்.

சரி, உறுதிக்கு வருவோம். சீதன வீட்டில் மகள் பெயரில் உறுதி இருந்தாலும், தகப்பன் சீவிய உரித்தை விடாதவரை அவர் சாகும்வரை அந்த வீட்டில் இருக்கலாம், வாடகையும் வாங்கலாம். நீங்கள் முழுக் காசும் கொடுத்துவிட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். அவரும் விற்பனை உறுதியில் ஒரு தரப்பாகச் சேர்ந்து, உரித்தைத் துறந்து கையெழுத்து வைக்க வேண்டும். வயதானவர் என்றால் என்ன எழுதுகிறோம் என்று அவருக்கு விளங்க வேண்டும். மகன் கையைப் பிடித்து வைக்கும் கையெழுத்து பின்னால் வழக்காக வரும்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை மட்டக்களப்பில் இல்லை என்று உங்களிடம் சொல்வார்கள். மட்டக்களப்புப் பெண்ணுக்குப் பொதுச் சட்டம்தான். தன் காணியை விற்கக் கணவரின் சம்மதம் தேவையில்லை. ஆனால் தேசவழமை ஆளோடு போகும் சட்டம். அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட யாழ்ப்பாணத்தவரைக் கலியாணம் செய்த பெண், அந்தக் கலியாணம் இருக்கும்வரை அதற்கு உட்பட்டவர் ஆகிறார். அதன்படி அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். உங்கள் விடயத்தில் அந்தக் கணவரும் கையெழுத்து வைக்கட்டும். அதற்கு மறுத்தால் வாங்காதீர்கள்.

தங்கள் சார்பில் கையெழுத்து வைக்க இங்கே ஒருவருக்குக் கனடாவிலிருந்து அற்றோணித் தத்துவம் அனுப்பி விற்பதாகச் சொன்னால், அதில் இந்தக் காணியை விற்க அதிகாரம் தெளிவாக இருக்க வேண்டும், இங்கே பதிவாகியிருக்க வேண்டும். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் செத்துவிடும். கையெழுத்து வைக்கும் அன்று இருவரையும் வீடியோவில் கூப்பிட்டுப் பேசுங்கள். மாமாங்கத் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறார்கள் என்றால் அதுவரை பொறுப்பது இன்னும் நல்லது.

உறுதி எழுதும் உங்கள் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடத்துப் பதிவுகளைத் தேடிப் பார்க்கட்டும். விற்பவரின் நொத்தாரிசையே உங்களுக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள். உறுதிக்குப் பதில் அனுமதிப்பத்திரம் காட்டினால் அது அரச காணி. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாறாது. பழைய பிளானை நம்பாமல் சேவையரைக் கொண்டு புதிதாக அளந்து பாருங்கள். 12 பேர்ச் என்பது 3,267 சதுர அடி. ஒழுங்கைக்கு விட்டதும் மதில் தள்ளியதும் போக எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டும்.

அட்வான்ஸை வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டிக் கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. காணி விற்கும் ஒப்பந்தம் நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் அதை வைத்து யாரையும் விற்க வைக்க முடியாது. காசைத் திருப்பிக் கேட்கலாம், அதுவும் நீதிமன்றம் ஏறி இறங்கித்தான்.

விலைக்கு மேலே முத்திரை வரிக்கும் காசு ஒதுக்குங்கள். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 1 கோடி 20 இலட்சம் ரூபா வீடு என்றால் 4,79,000 ரூபா. நொத்தாரிசுக் கூலி வேறு. வரி மிச்சம் பிடிக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். மாகாண இறைவரித் திணைக்களம் தன் மதிப்பில் வரி கேட்கலாம், வங்கியும் அந்தக் குறைந்த விலையைப் பார்த்துத்தான் கடன் தரும்.

கடைசிக் காசைக் கொடுக்கும் முன் மாநகர சபைக்குக் கட்டும் சோலை வரி, கரண்ட், தண்ணீர் பில்களின் நிலுவை தீர்ந்த பற்றுச்சீட்டுகளைக் கையில் வாங்குங்கள். வீடு பூட்டிக் கிடந்த காலத்துச் சோலை வரி பல வருடம் சேர்ந்திருக்கும்.