பெயிண்ட்பால்: கையிருப்பு குறைந்தவர்களுக்கான கேள்வி பதில்

வண்ணம் நிரப்பிய சிறு குண்டுகளால் எதிராளியைச் சுட்டு வெளியேற்றும் விளையாட்டான பெயிண்ட்பாலைப் புதிதாக ஆட வருபவர்கள் செலவைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். போட்டி அணிகளைப் பற்றியும் ஆட்ட உத்திகளைப் பற்றியும் வந்தவற்றை ஒதுக்கிவிட்டேன்.

புதுவரவு: ஐயா, முதல் முறை ஆடப் போகிறேன். மொத்தச் செலவை எப்படிக் கணக்கிடுவது?

நுழைவுக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். களக் கட்டணம், மார்க்கருக்கும் (குண்டுகளைச் சுடும் துப்பாக்கி) முகக்கவசத்துக்குமான வாடகை, காற்று நிரப்பும் கட்டணம், பெயிண்ட் குண்டுகள் என்று செலவு நான்கு வழிகளில் வரும். முதல் மூன்றும் பெரும்பாலும் நிலையானவை. நாள் முழுதும் ஆடினாலும் அதிகம் மாறா. நான்காவதுதான் உங்கள் விரலின் வேகத்தைப் பொறுத்து ஏறிக்கொண்டே போகும். மார்க்கரின் மேல் பொருத்தும் குண்டுக் கலமான ஹாப்பர் சாதாரணமாக இருந்தால், ஒன்றில் ஏறத்தாழ 200 குண்டுகள் பிடிக்கும். நொடிக்கு ஐந்து வீதம் சுட்டால் அது நாற்பது நொடிகளில் தீர்ந்துவிடும். ஆகவே பதிவு செய்யும்போதே மூன்று விவரங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வாடகைத் தொகுப்பில் எத்தனை குண்டுகள் அடக்கம், கூடுதல் குண்டுகளின் விலை என்ன, வெளியிலிருந்து குண்டுகள் கொண்டுவர அனுமதி உண்டா. பல களங்களில் அவர்களிடம் வாங்கிய குண்டுகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற விதி இருக்கிறது. நுழைவுக் கட்டணம் குறைவாக இருந்து, குண்டின் விலை கூடுதலாக இருந்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

குண்டுகள் பெரும்பாலும் 500 கொண்ட பைகளாகவும், நான்கு பைகள் அடங்கிய 2000 குண்டுப் பெட்டிகளாகவும் விற்கப்படுகின்றன. பெட்டியாக எடுத்தால் ஒரு குண்டின் விலை குறையும் என்பதால், நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கி ஆளுக்கு ஒரு பையாகப் பிரித்துக்கொள்வது சிறந்த வழி. முதல் அரை நாளுக்கு ஒருவருக்கு 500 போதும்.

கல்லூரிக்காளை: மலிவான மார்க்கர் ஒன்று சொல்லுங்கள், வாங்கிவிடுகிறேன்.

வாங்க வேண்டாம். சில முறை வாடகைக்கு எடுத்து ஆடுங்கள். ஆசை குறையாமல் இருந்தால் முதலில் முகக்கவசத்தை வாங்குங்கள், மார்க்கர் பிறகு.

அம்மாவின் கவலை: மகனிடம் ஏர்சாஃப்ட் (சிறு பிளாஸ்டிக் மணிகளைச் சுடும் விளையாட்டு) ஆடப் பயன்படுத்தும் கண்ணாடி இருக்கிறது. அதையே அணிந்துகொண்டால் ஒரு வாடகை மிச்சமாகுமே?

அம்மா, தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். 0.68 அங்குல பெயிண்ட் குண்டின் எடை ஏறத்தாழ 3 கிராம். வழக்கமான உச்ச வேகமான நொடிக்கு 300 அடியில், அதாவது சுமார் 90 மீட்டரில், அது பாய்ந்தால் ஏறத்தாழ 12 ஜூல் ஆற்றலுடன் வந்து மோதும். ஏர்சாஃப்டில் பரவலாகப் பயன்படும் 0.2 கிராம் மணி நொடிக்கு 350 அடி வேகத்தில் வந்தாலும் அதன் ஆற்றல் ஒரு ஜூலைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பத்து மடங்கு அடியைத் தாங்க வடிவமைக்கப்படாத கண்ணாடியை நம்பிக் கண்ணைப் பணயம் வைக்கக் கூடாது. பெயிண்ட்பாலுக்கென்றே செய்யப்பட்ட, முகத்தையும் காதுகளையும் மூடும் கவசம் வேண்டும். ஏஎஸ்டிஎம் எஃப்1776 என்ற தரக் குறிப்பு அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். களத்தில் கவசத்தை உயர்த்துபவர்களில் பலர் கண்ணாடியில் ஆவி படிந்து எதிரே எதுவும் தெரியாமல் போவதால்தான் அப்படிச் செய்கிறார்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்றிடைவெளி கொண்ட தெர்மல் கண்ணாடியில் ஆவி படிவது மிகவும் குறைவு. அதை ஆடம்பரமாகப் பலர் எண்ணுகிறார்கள். நான் அதைப் பாதுகாப்புச் செலவாகவே கருதுகிறேன்.

சிக்கனச்சித்தன்: தரையில் உடையாமல் கிடக்கும் குண்டுகளைப் பொறுக்கிப் பயன்படுத்தலாமா?

கூடாது. குண்டின் ஓடு ஜெலட்டினால் ஆனது. ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். அதில் ஒட்டிய மணல் குழலைக் கீறும், உப்பிய குண்டு குழலுக்குள்ளேயே உடையும். அதன் பிறகு குழலைத் துடைத்து முடிக்கும் வரை நீங்கள் சுடும் ஒவ்வொரு குண்டும் வளைந்தே செல்லும். பத்துக் குண்டுகளை மிச்சம் பிடிக்கப் போய் ஐம்பதை வீணாக்குவீர்கள்.

மூங்கில்காடு: பம்ப் மார்க்கரில் ஆடினால் செலவு குறையும் என்கிறார்களே?

உண்மை. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறை கையால் இழுத்துத் தள்ள வேண்டியிருப்பதால், குறி பார்த்த பிறகுதான் விரல் அசையும். புதியவர்களின் பணத்தைக் காப்பாற்ற இதைவிடச் சிறந்த கருவி இல்லை என்பது என் கருத்து.

சுடுவிரல்: இதை நான் ஏற்கவில்லை. எதிரில் இருப்பவர் மறைவிடத்தின் மீது இடைவிடாமல் சுட்டு உங்களைத் தலைதூக்க விடாமல் வைத்திருப்பார், பக்கவாட்டில் இன்னொருவர் வந்து அடித்துவிடுவார். பணம் மிஞ்சும், ஆட்டம் மிஞ்சாது. ஏழைகளுக்குப் பம்ப் என்று ஒதுக்குவது நியாயமா?

ஏழைகளுக்கு என்று நான் எழுதவில்லை. இந்த விளையாட்டின் முதல் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹெனிக்கரில் பன்னிரண்டு பேர் ஆடினார்கள். அவர்கள் கையில் இருந்தது மரங்களுக்கும் கால்நடைகளுக்கும் அடையாளமிடச் செய்யப்பட்ட நெல்ஸ்பாட் 007. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத்தான் அதைச் சுட முடியும். அன்று வென்ற ரிச்சி ஒயிட் ஒரு குண்டுகூடச் சுடாமல் கொடிகளைச் சேகரித்துவிட்டு வெளியே வந்தார்.

சுடுவிரல்: அது காட்டில் ஆளுக்கு ஆள் தனித்தனியாக ஒளிந்து ஆடியது. காற்றடைத்த தடுப்புகள் நிற்கும் சிறிய மைதானத்தில் அவர் என்ன செய்திருப்பார்?

அந்த மைதானத்தில் பம்ப் திணறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதியவர் ஒருவர் அங்கே போய் வேகமாகச் சுடும் அனுபவசாலிகளுக்கு எதிரே நின்றால் எந்த மார்க்கரைக் கொடுத்தாலும் திணறத்தான் செய்வார். பம்ப் கையில் இருந்தால் குறைந்த செலவில் திணறுவார். மரங்கள் அடர்ந்த களத்தில் மெதுவாக நகர்ந்து இருபதடி நெருங்கி ஒரே குண்டில் ஆளை வெளியேற்றுவதுதான் எனக்குப் பிடித்த ஆட்டம்.

பழையமரம்: இருவருக்கும் பொதுவாக ஒரு வழி சொல்கிறேன். ஆளுக்கு இத்தனை குண்டுகள்தான் என்று வரம்பு வைத்து ஆடும் நாட்களில் சாதாரண மார்க்கரே போதுமே?

மிகச் சரி. அவ்வாறான நாட்கள் உள்ள களம் கிடைத்தால் புதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அங்கே செல்லலாம். சுடுவிரல் அவர்களே, வரம்பு வைத்த ஆட்டத்தில் உங்கள் இடைவிடாத சுடுதல் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று பார்ப்போம். இதற்கு மேல் இந்த வாதத்தை நீட்ட வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வாரக்கடைசி: எந்த மார்க்கர் மலிவு?

மேலே கல்லூரிக்காளைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

நீலவானம்: சிறப்பு உடை வேண்டுமா?

வேண்டாம். முழுக்கைச் சட்டை, தொளதொளப்பான கால்சட்டை, கணுக்காலை மூடும் காலணி, கையுறை போதும். குண்டின் உள்ளே இருப்பது பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால்; தண்ணீரில் கரையும்.

தனிவழி: வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆடலாமா?

கூடாது, கூடாது, கூடாது. அம்மா ஒருவருக்கு எழுதிய பதிலைப் பாருங்கள்.

கைமாற்று: மார்க்கருக்குக் காற்று தரும் பழைய சிலிண்டர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

கழுத்திலோ உடலிலோ பொறித்திருக்கும் சோதனைத் தேதியை முதலில் படியுங்கள். நீரழுத்தச் சோதனை பெரும்பாலும் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யப்பட வேண்டும். தேதி கடந்திருந்தால் களத்தில் காற்று நிரப்ப மறுப்பார்கள், சோதனைச் செலவு உங்கள் தலையில் விழும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைவிட அழுத்தக் காற்றுச் சிலிண்டரை விரும்புங்கள்: கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் வெப்பநிலையோடு மாறும், வேகமாகச் சுடும்போது குளிர்ந்து வேகம் சீரற்றுப் போகும், திரவமாக உள்ளே புகுந்தால் மின்னணு மார்க்கரின் வால்வு கெடும். தொடக்கநிலைக்கு 48 கன அங்குலம், 3000 பிஎஸ்ஐ அழுத்தம் கொண்ட அலுமினியச் சிலிண்டர் போதும்.

பழைய சிலிண்டரை வாங்கியதும் வால்விலிருந்து உடல் வரை நகப்பூச்சினால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். மார்க்கரிலிருந்து சிலிண்டரைத் திருகிக் கழற்றும்போது வால்வும் உடலும் ஒன்றாகச் சுழல வேண்டும். உடல் மட்டும் சுழன்று வால்வு மார்க்கரிலேயே நின்றுவிட்டால், உள்ளிருக்கும் அழுத்தம் சிலிண்டரை ராக்கெட்டைப் போல் பாயச் செய்யும். இப்படி உயிரிழந்தவர்களும் உண்டு. கோடு இரண்டாகப் பிரிந்து விலகுவதைக் கண்டால் அந்தக் கணமே திருகுவதை நிறுத்திவிட்டு, களப் பொறுப்பாளரை அழையுங்கள்.